ஒருமுறை பயன்படுத்தும் வால்வு: 1000 லிட்டர் லைனருக்குக் குறைந்த செலவில் வடிவமைப்பது எப்படி?

காங்கேயத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தேங்காய் எண்ணெய் வெளிநாடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் டிரம் ஐந்தில் போகலாம். இல்லையென்றால் ஒரு பேலட், அதன்மேல் மடக்கும் பெட்டி, பெட்டிக்குள் பாலிஎத்திலீன் லைனர் பை, பையின் அடியில் இரண்டு இன்ச் வால்வு. சரக்கு போய்ச் சேர்ந்ததும் எண்ணெயை வடித்துக்கொண்டு, பையை வால்வோடு சேர்த்துக் கழித்துவிடுவார்கள். பெட்டி மட்டும் மடங்கித் திரும்பி வரும்.

அந்த வால்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் ஆயுள் மொத்தமே இரண்டு, மூன்று மாதம். அதில் திறந்து மூடுவது ஒன்றிரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் சும்மா மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு சொட்டுகூடக் கசியாமல். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பால் வால்வுக்கு (துளையிட்ட பந்து உள்ளே திரும்பும் வகை) இதற்கு நேர்மாறான வாழ்க்கை. அதனால்தான் அந்த வால்வை எடுத்து, சுவரை மெலிதாக்கி, பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டு மலிவாக்கப் பார்ப்பவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான தடவை திருப்புவதற்காக அதில் இருக்கும் துல்லியத்துக்கு நாமும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் துல்லியம் நமக்குப் பயன்படவே படாது.

நான் பரிந்துரைக்கும் வழி, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அழுத்தத்தைத் தாங்குவதை ஒரு பாகமும், கசிவைத் தடுப்பதை வேறொரு பாகமும் பார்த்துக்கொள்ளட்டும். வால்வின் துளையை மூடும் தட்டு அழுத்தத்தைத் தாங்கும். வெளிவாயில் ஒட்டிய அலுமினிய ஃபாயில் கசிவைத் தடுக்கும். இப்படிப் பிரித்ததும் தட்டு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்றாகிவிடும். செலவு குறைவது அந்த இடத்தில்தான்.

முதல் படி: வேலைப் பட்டியல்

கணினியில் படம் வரைய உட்காரும் முன் ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: என்ன திரவம், எத்தனை நாள், அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், மேலிருந்து நிரப்புவார்களா கீழிருந்தா, எடுப்பவரிடம் என்ன குழாய் இருக்கிறது.

நம் உதாரணத்தில் திரவம் தேங்காய் எண்ணெய். 24, 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்நாட்டுக் கிடங்கில் அது கட்டியாகத்தான் போய் இறங்கும். சூடான அறையில் வைத்தோ வெப்ப உறை சுற்றியோ உருக்கித்தான் எடுப்பார்கள். ஆக வால்வு வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் 60 டிகிரியையும் பார்க்க வேண்டும், குளிர்கால முற்றத்தில் பூஜ்யத்துக்குக் கீழேயும் பார்க்க வேண்டும்.

மேலிருந்தா கீழிருந்தா என்ற கேள்வியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மேலிருந்து நிரப்பும் லைனர் என்றால் வால்வின் வாய் கடைசிவரை காய்ந்தே இருக்கும். ஃபாயிலைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பலாம். 20 அடி கன்டெய்னரில் போடும் 24,000 லிட்டர் ஃபிளெக்ஸிடேங்கில் (கன்டெய்னருக்குள் விரியும் ஒரே பெரிய பை) பெரும்பாலும் நிரப்புவதும் வடிப்பதும் ஒரே வால்வு வழியாகத்தான். நிரப்பி முடித்ததும் வாய் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், அதில் ஃபாயில் ஒட்டாது. அங்கே வால்வே முழுக் கசிவையும் தடுத்தாக வேண்டும். ரப்பர் சீட்டுக்கும் (தட்டு அழுந்தி உட்காரும் வளையம்) கனமான மூடிக்கும் காசு கொடுத்துத்தான் தீர வேண்டும். இந்தக் கட்டுரையின் வடிவமைப்பு மேலிருந்து நிரப்பும் லைனருக்கு மட்டும்.

எடுப்பவரின் குழாயைப் பொறுத்தவரை, 1000 லிட்டர் ஐபிசி டேங்குகளில் (கம்பிக் கூண்டுக்குள் வரும் பிளாஸ்டிக் டேங்க்) பரவலாக இருக்கும் எஸ் 60×6 மரையை வெளிவாயில் கொடுத்துவிடுங்கள். 60 மில்லிமீட்டர் விட்டம், 6 மில்லிமீட்டர் புரி இடைவெளி. அதற்கான அடாப்டர் பல கிடங்குகளில் ஏற்கெனவே இருக்கும். சொந்தமாக ஒரு மரை கண்டுபிடித்து, அடாப்டரையும் நீங்களே கொடுக்கும் நிலைமை வந்தால் வால்வில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

இரண்டாம் படி: அழுத்தமும் ஓட்டமும்

ஆயிரம் லிட்டர் பெட்டியின் அடிப்பரப்பு தோராயமாக ஒரு சதுர மீட்டர். அப்படியென்றால் எண்ணெயின் உயரமும் ஒரு மீட்டர். தேங்காய் எண்ணெயின் அடர்த்தி 920 என்று எடுத்தால், வால்வின் மேல் நிலையான அழுத்தம் 920 × 9.81 × 1, அதாவது 9 கிலோபாஸ்கல். ஒரு பாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு, ‘இதற்கு எதுவும் தாங்கும்’ என்று தோன்றும்.

லாரி பிரேக் அடிக்கும்போது திரவம் முன்பக்கம் முட்டும். அதற்கு அடர்த்தி × முடுக்கம் × நீளம் என்ற கணக்கு போதும். 0.8 ஜி பிரேக் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), 1.1 மீட்டர் நீளம் என்றால் இன்னொரு 8 கிலோபாஸ்கல். இதுவும் பெரிதில்லை. பயப்பட வேண்டியது ஃபோர்க்லிஃப்ட்டுக்கு. ஓட்டுபவர் பேலட்டைச் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து டொம்மென்று இறக்கினால் அந்த நொடியில் 10 ஜி வரை போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 920 × 98 × 1, கிட்டத்தட்ட 90 கிலோபாஸ்கல். நிலையான அழுத்தத்தையும் சேர்த்தால் ஒரு பார். 50 மில்லிமீட்டர் தட்டின் மேல் அது சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். சில மில்லிசெகண்டுதான் நிற்கும், ஆனால் தட்டு பிதுங்கிப் போக அதுவே போதும். எனவே வடிவமைப்பு அழுத்தம் ஒரு பார்.

ஃபிளெக்ஸிடேங்கில் நீளம் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் இருப்பதால், ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் 2 ஜி அதிர்ச்சி மட்டுமே ஒரு பாரைத் தொட்டுவிடும். கணக்கு அதேதான், நீளம்தான் வேறு.

அடுத்தது ஓட்டம். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஆரம்ப வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். 50 மில்லிமீட்டர் துளை, ஓட்டக் குணகம் 0.6 என்றால் நொடிக்கு 5.2 லிட்டர். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும் என்பதால் முழுதும் காலியாக, ஆரம்ப வேகத்திலேயே போனால் ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு: சுமார் ஆறரை நிமிடம். ஒன்றரை இன்ச் துளையில் 11 நிமிடம், ஒரு இன்ச்சில் 26 நிமிடம். இவை தண்ணீர் போன்ற திரவத்துக்கான கணக்கு. எண்ணெயும் நீளமான குழாயும் சேர்ந்தால் கூடும். ஆமணக்கு எண்ணெய், திரவ குளுக்கோஸ் மாதிரி கெட்டியான சரக்கு என்றால் இந்தச் சூத்திரத்தையே மறந்துவிட்டு, பம்ப்பை வைத்து யோசியுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை வால்வு

பால் வால்வில் உடல், பந்து, இரண்டு சீட், ஸ்டெம் (பந்தைத் திருப்பும் தண்டு), கைப்பிடி, ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), பூட்டும் வளையம் என்று பாகங்கள் அதிகம். பந்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் கொஞ்சமாவது முட்டை வடிவம் ஆகிவிடும். மூடியிருக்கும்போது பந்தின் துளைக்குள் திரவம் தேங்கி நிற்பது உணவுச் சரக்குக்கு ஆகாது. கிள்ளி மூடும் கிளாம்ப் வகை மலிவு, ஆனால் இரண்டு இன்ச்சில் மடிப்பின் ஓரம் கசியும். வைன் பெட்டிகளில் வரும் பொத்தான் குழாய் சின்ன ஓட்டத்துக்கு மட்டும் சரி. பையும் பெட்டியும் சேர்ந்த முறையை வில்லியம் ஷோல் 1955-இல் பேட்டரி அமிலம் எடுத்துப்போகத்தான் கொண்டுவந்தார். 1965-இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் அதை வைனுக்குக் கொண்டுவந்தபோது குழாயே கிடையாது. பையின் மூலையை வெட்டி ஊற்றிவிட்டு, ஒரு கிளிப்பால் மூடி வைக்க வேண்டும். குழாய் பிறகுதான் சேர்ந்தது.

நமக்குப் பட்டர்ஃபிளை. ஒரு தட்டு, ஒரு ஸ்டெம், கால் சுற்று. வார்த்தெடுக்கும் பாகங்கள் மொத்தம் நான்கு: உடல், தட்டு, கைப்பிடியோடு சேர்ந்த ஸ்டெம், மூடி. இவற்றோடு ஒரு ஓ-ரிங், ஒரு ஃபாயில். அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டு திறந்து நிற்கும்போது அதில் பாதி பையின் பக்கம் நீளும். 50 மில்லிமீட்டர் தட்டு என்றால் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர். உடலின் உட்பக்க நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால் தட்டின் விளிம்பு பையின் படலத்தைக் குத்தும், அல்லது படலம் வந்து தட்டில் சுற்றிக்கொள்ளும். உட்பக்கம் குறைந்தது 30 மில்லிமீட்டர் வையுங்கள்.

நான்காம் படி: உடலும் பையும் சேரும் இடம்

லைனர் கசிந்தது என்று புகார் வந்தால் எல்லோரும் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வால்வும் பையும் ஒட்டும் வளையத்தை.

வழக்கமான முறையில் பையில் ஒரு பாலிஎத்திலீன் வாய் ஒட்டியிருக்கும். அதில் பாலிப்ரொப்பிலீன் வால்வைத் திருகுவார்கள். இதில் கூடுதலாக ஒரு மரை, ஒரு வாஷர், ஒரு கசியும் வழி. உடலையே எச்டிபிஇ-யில் (அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன்) வார்த்து, அதன் அகன்ற விளிம்பை நேரடியாகப் படலத்தோடு உருக்கி ஒட்டிவிட்டால் அந்த இணைப்பே இருக்காது. பாலிஎத்திலீன் படலத்தோடு பாலிஎத்திலீன்தான் ஒழுங்காக உருகி ஒட்டும். பாலிப்ரொப்பிலீனை ஒட்டினால் இழுத்ததும் உரிந்து வந்துவிடும். இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், லைனரை மடிக்கும்போது வால்வும் அதோடு சேர்ந்தே மடிப்புக்குள் கிடக்கும். கைப்பிடியின் முனை படலத்தைக் குத்தாமல் இருக்க ஒரு பபுள் உறையோ அட்டையோ வேண்டும். எனக்கு அது ஏற்கத்தக்க விலைதான்.

விளிம்பை 100 மில்லிமீட்டர் விட்டத்தில், ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து 0.8 மில்லிமீட்டரில் முடியும்படி செய்யுங்கள். கெட்டியான விளிம்பு திடீரென்று முடிந்தால் கப்பலின் ஓயாத அதிர்வில் படலம் அந்தக் கோட்டிலேயே மடங்கி மடங்கி மயிரிழை விரிசல் விடும். ஒட்டும் வளையம் 10 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும்.

இப்போது அடியில் தங்கும் எண்ணெயைக் கணக்கு போடுவோம். 100 மில்லிமீட்டர் விளிம்பு தரையைத் தொட்டு நின்றால் மையம் 50 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். துளையின் அடி 25 மில்லிமீட்டரில். ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்பில் 25 மில்லிமீட்டர் என்றால் 25 லிட்டர் எண்ணெய் வெளியே வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டரை சதவீதம்! வாங்குபவர் இதைச் சும்மா விடமாட்டார். துளையை விளிம்பின் நடுவில் வைக்காமல் கீழ்ப்பக்கம் தள்ளி, அடி ஓரத்தை 12 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தங்குவது பாதிக்கும் கீழே போகும். மிச்சத்துக்குப் பேலட்டின் பின்பக்கம் ஒரு மரக்கட்டை சொருகிச் சாய்த்துக்கொள்ளலாம்.

பம்ப் போட்டு உறிஞ்சும்போது இன்னொரு தொல்லை. பாதிக்கு மேல் காலியானதும் தளர்ந்த படலம் வால்வின் வாயில் வந்து அப்பிக்கொள்ளும், ஓட்டம் நின்றுபோகும். உடலின் உள்வாயைச் சுற்றி 6 முதல் 8 மில்லிமீட்டர் உயரத்தில் நான்கைந்து ரிப் (மேடான வரி) கொடுத்தால் படலத்துக்கும் வாய்க்கும் நடுவே வழி இருக்கும். ரிப்பின் நுனியை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்டிவிடுங்கள். இல்லையென்றால் மடித்துக் கட்டும்போது அதுவே பையைக் குத்திவிடும்.

ஐந்தாம் படி: தட்டும் ஸ்டெம்மும்

தட்டுக்கு ரப்பர் வளையம் வேண்டாம். தட்டை பாலிப்ரொப்பிலீன் கோபாலிமரில் வார்த்து, அதன் சுற்றளவில் 0.8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு உதடு விடுங்கள். உடலின் துளையைவிட உதடு விட்டத்தில் 0.4 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். எச்டிபிஇ தோராயமாக 2 சதவீதம் சுருங்கும். 50 மில்லிமீட்டர் துளையில் அது ஒரு மில்லிமீட்டர். சுருக்கம் கால் சதவீதம் அப்படி இப்படி ஆனாலே துளை 0.12 மில்லிமீட்டர் மாறும். தட்டும் 0.1 மாறும். இரண்டும் எதிர்த்திசையில் மோசமாகப் போனாலும் 0.18-க்குக் குறையாத இறுக்கம் மிஞ்சும், மறுபக்கம் 0.62 வரை போகும். 0.18-இல் தட்டு லேசாகக் கசியலாம். கசியட்டும், வெளியே ஃபாயில் இருக்கிறது. 0.62-இல் கைப்பிடி கனமாகத் திரும்பும். அதைத்தான் ஸ்டெம் தாங்க வேண்டும்.

80 மில்லிமீட்டர் கைப்பிடியை 5 கிலோ விசையில் தள்ளினால் முறுக்கு 4 நியூட்டன்-மீட்டர். ஸ்டெம்மின் கழுத்தை உள்துளை இல்லாமல் கெட்டியாக வார்த்தால் நடுவில் குழி விழும், குளிரவும் நேரமாகும். வெளிவிட்டம் 14, உள்துளை 8 என்று குழலாக வையுங்கள். தகைவு 8 மெகாபாஸ்கல்தான் வரும், தாராளம். சிக்கல் தட்டுக்குள் நுழையும் பகுதியில். அங்கேயும் 14 மில்லிமீட்டர் உருளையை விட்டால் தட்டின் நடு தடித்து, ஓட்டத்தில் கிட்டத்தட்ட பாதியை மறைத்துவிடும். எனவே 8 × 14 என்ற பட்டையாக மாற்ற வேண்டும். அதில் தகைவு 19 மெகாபாஸ்கலுக்குப் போகிறது. சாதாரண பாலிப்ரொப்பிலீன் முறுக்கில் தாங்குவது 17, 18 அளவில். ஆக இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீன். இதோடு தட்டின் நடுக்கனம் 12 மில்லிமீட்டரில் நிற்கும். துளையில் 30 சதவீதம் மறையும். ஆறரை நிமிடம் ஒன்பது நிமிடம் ஆகும். யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஸ்டெம் மேலிருந்து மட்டும் நுழையட்டும். கீழ்முனை உடலில் உள்ள ஒரு குருட்டுக் குழியில் உட்காரட்டும். துளை இரண்டு என்றால் கசியும் இடமும் இரண்டு.

மேலே இருக்கும் அந்த ஒற்றைத் துளைதான் இந்த வடிவமைப்பில் ஃபாயிலின் பாதுகாப்பு எட்டாத இடம். பயணம் முழுக்க எண்ணெய் அங்கே வந்து நிற்கும். ஆகவே இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நல்ல ஓ-ரிங் போடுங்கள்: 2.5 மில்லிமீட்டர் கனம், 2.1 ஆழப் பள்ளம், சுமார் 15 சதவீத அமுக்கம். தாவர எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பரின் உணவுத் தரம். இபிடிஎம் என்ற இன்னொரு ரப்பர் தண்ணீருக்கு அருமையானது, எண்ணெயில் உப்பிவிடும். கடையில் இரண்டும் ஒரே கறுப்பு நிறத்தில் கிடக்கும் என்பதால் வாங்கும்போதே பொட்டலத்தில் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஃபாயிலும் மூடியும்

வெளிவாயின் முகத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையான வளையம். அதில் பாலிஎத்திலீன் பூச்சுள்ள இண்டக்‌ஷன் ஃபாயில். ஊறுகாய், மருந்து பாட்டில்களின் மூடிக்கு அடியில் பார்ப்போமே, அதே சரக்குதான், அளவு மட்டும் பெரிது. பூச்சு எதற்கானது என்று சப்ளையரிடம் கேட்டே வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் பூச்சு எச்டிபிஇ-யில் சரியாக ஒட்டாது. உரிக்க ஒரு காது இருக்க வேண்டும், கையுறை போட்ட விரலால் பிடிக்கும் அளவுக்கு.

ஃபாயில் தனியாக ஒரு பாரைத் தாங்காது. அதிர்ச்சியைத் தட்டு வாங்கிக்கொள்ளும். தட்டைத் தாண்டி மெதுவாகக் கசிந்து வருவது தட்டுக்கும் ஃபாயிலுக்கும் இடையே நிரம்பி நிற்கும். அப்போது ஃபாயில் உப்பாமல் பின்னால் இருந்து மூடியின் உள்முகம் தாங்க வேண்டும். மூடியைத் திருகியதும் அதன் உள்முகம் ஃபாயிலைத் தொடுகிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட அதிர்வில் ஃபாயில் படபடத்து ஒட்டு விடும்.

மூடியில் இன்னொரு வேலையையும் சேர்த்துவிடலாம். அதன் மேல்பக்கம் ஒரு இறக்கை விட்டு, மூடி இருக்கும்வரை கைப்பிடி திரும்ப முடியாதபடி செய்யுங்கள். தனியாகப் பூட்டு வேண்டாம். கைப்பிடியிலும் உடலிலும் நேர் நேராக 3 மில்லிமீட்டர் துளை இருந்தால் சீல் கம்பியோ நம்பர் போட்ட டேகோ மாட்டிக்கொள்வார்கள்.

எடுப்பவர் செய்வது இவ்வளவுதான்: மூடியைக் கழற்றுவார், ஃபாயிலை உரிப்பார், உள்ளே தேங்கியிருந்த கொஞ்சம் எண்ணெய் சொட்டும் என்பதால் கீழே ஒரு வாளி வைத்துக்கொள்வார், அடாப்டரைத் திருகுவார், கைப்பிடியைத் திருப்புவார். இந்த வரிசையைப் படமாகவே வால்வின் பக்கத்தில் ஒட்டுங்கள். போய் இறங்கும் ஊரில் என்ன மொழி படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஏழாம் படி: மோல்டு

மோல்டு செய்யும் டூல் ரூமுக்குப் போகும் முன் சுவர்க் கனத்தை ஒருமுறை பாருங்கள். குளிரும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 மில்லிமீட்டர் சுவர் குளிர 2.5 மில்லிமீட்டர் சுவரைவிட இரண்டரை மடங்கு நேரமாகும். பலம் வேண்டிய இடத்தைப் பருமனாக்காதீர்கள், ரிப் கொடுங்கள். ரிப்பின் கனம் சுவரில் பாதி. மொத்த உடலும் 2.5-இல் இருக்கட்டும்.

துளைக்கு இரண்டு பக்கமிருந்தும் கோர் (மோல்டில் துளையை உருவாக்கும் பாகம்) வந்து நடுவில் முட்டும். அந்த முட்டும் கோட்டில் எப்படியும் ஒரு மெல்லிய பிசிறு வரும், விரல் நகத்தில் தட்டுப்படும். அது தட்டின் உதடு உட்காரும் இடத்தில் வந்தால் முடிந்தது கதை. கோட்டை மையத்திலிருந்து குறைந்தது 6 மில்லிமீட்டர் தள்ளிப் போடச் சொல்லுங்கள். துளைக்கு ஒரு டிகிரி சரிவு வேண்டும், கோர் கழலுவதற்கு. உதடு உட்காரும் 4 மில்லிமீட்டர் பட்டையில் மட்டும் சரிவு பூஜ்யம், பாலிஷ் நன்றாக இருக்க வேண்டும். இதை டிராயிங்கில் சிவப்பில் வட்டமிட்டே கொடுங்கள். சொல்லாவிட்டால் டூல் மேக்கர் தன் வழக்கப்படி முழுத் துளைக்கும் சரிவு வைத்துவிடுவார், அவர்மேல் தப்பு கிடையாது.

கேட், அதாவது உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய், ஒரே பக்கம் இருந்தால் துளை முட்டை வடிவம் ஆகும். சுற்றி மூன்று இடத்தில் கொடுத்தால் வட்டம் நிற்கும். வெளிமரைக்கு இரண்டு பக்கமும் விலகும் ஸ்பிளிட் (இரண்டாகப் பிரியும் அச்சு) போதும். அந்தப் பிரிகோட்டில் மரையை 2 மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் பிசிறு அடாப்டரில் மாட்டாது. மூடியின் உள்மரைதான் தலைவலி, சுழன்று கழலும் கோர் விலை அதிகம். மரையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நேர் மேலே மூடியின் ஓரத்தில் ஜன்னல் விட்டால் நேராக இழுக்கும் கோரே போதும்.

பார்த்துத் தொட்டுப் பார்க்க 3டி பிரின்ட் நல்லது. கசிவுச் சோதனையை அதில் செய்யாதீர்கள், பொருளும் வேறு, மேற்பரப்பும் வேறு. எச்டிபிஇ ராடில் உடலையும் பாலிப்ரொப்பிலீன் ராடில் தட்டையும் கடைந்து சில ஜோடி பார்த்தால் உதட்டின் இறுக்கம் எவ்வளவு வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எட்டாம் படி: காசு

கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு பாகங்களும் சேர்ந்து 100 கிராம், பிளாஸ்டிக் கிலோ 110 ரூபாய்: 11 ரூபாய். ஓ-ரிங்கும் ஃபாயிலும் 3. மெஷின் நேரம் எல்லாப் பாகத்துக்கும் சேர்த்து 4. பொருத்துவதும் சோதிப்பதும் 2. மொத்தம் 20 ரூபாய். மோல்டுகளுக்கு 18 லட்சம் ஆகிறது என்றால், இரண்டு லட்சம் வால்வு செய்யும்போது ஒவ்வொன்றின் தலையிலும் 9 ரூபாய் ஏறும். ஐந்து லட்சம் செய்தால் 3 ரூபாய் 60 காசு. ஐம்பதாயிரம்தான் போகும் என்றால் 36 ரூபாய்!

அதாவது எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது கிராம் கணக்கில் பிளாஸ்டிக்கைச் சுரண்டுவதில் பலனே இல்லை. பத்து கிராம் குறைத்தால் ஒரு ரூபாய் பத்து காசு மிச்சம். ஒரு சைட் கோரைத் தவிர்த்தால் அதைவிடப் பல மடங்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் வால்வுதான் வேண்டும் என்றால் சொந்த வடிவமைப்பே வேண்டாம், சந்தையில் இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: சோதனை

ஒவ்வொரு வால்வையும் பார்க்க வேண்டிய சோதனை ஒன்றுதான்: ஃபாயில் ஒட்டிய பிறகு உட்பக்கம் 0.2 பார் காற்று கொடுத்து, சில நொடி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. தட்டைப் பாதி திறந்து வைத்துச் செய்தால் ஸ்டெம்மின் ஓ-ரிங்கும் ஃபாயிலும் ஒரே நேரத்தில் சோதனையாகிவிடும். முடிந்ததும் தட்டை மூட மறக்காத மாதிரி, மூடியின் இறக்கை தட்டு மூடியிருந்தால் மட்டுமே உட்காரும்படி செய்துகொள்ளுங்கள்.

மற்றவை மாதிரி எடுத்துச் செய்பவை. எண்ணெய் நிரப்பி 60 டிகிரியில் நான்கு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் மெல்ல நெகிழும்; முதல் நாள் இறுக்கம் நான்காம் வாரம் இருக்காது. வெளியே எடுத்ததும் கைப்பிடியின் முறுக்கை அளந்து பாருங்கள். உதடு துளையோடு ஒட்டிக்கொண்டு, முதல் அசைவு எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். 4 நியூட்டன்-மீட்டர் கணக்குக்குள் அது அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு தொகுதியை மைனஸ் 10-இல் ஒரு ராத்திரி வைத்துக் கைப்பிடியில் தட்டுங்கள். கண்ணாடி இழை கலந்தது குளிரில் மொடமொடப்பாகும். நிரப்பிய முழுப் பெட்டியைச் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள், வால்வுப் பக்கம் முதலில் விழும்படி. பயண அதிர்வுக்கு ஏஎஸ்டிஎம் டி4169 வரிசைப்படி ஆய்வகத்தில் செய்து தருவார்கள்.

உணவுச் சரக்கு என்பதால் எச்டிபிஇ-க்கு ஐஎஸ் 10146, பாலிப்ரொப்பிலீனுக்கு ஐஎஸ் 10910 சான்று கேளுங்கள். மொத்த இடப்பெயர்ச்சிச் சோதனை (பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் எவ்வளவு கலக்கிறது என்பது) ஐஎஸ் 9845 முறைப்படி. வரம்பு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லது கிலோவுக்கு 60 மில்லிகிராம். எண்ணெயும் எச்டிபிஇ-யும் ஒத்துப்போகுமா என்று தயங்க வேண்டாம், கடையில் நீல நிற பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வருவதே எச்டிபிஇ-யில்தான். இதே வால்வை ஷாம்பூ மூலப்பொருள், சோப்புக் கரைசல் மாதிரி சரக்குக்குக் கொடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும்: அழுத்தத்தில் நிற்கும் பாலிஎத்திலீனை சோப்புத்தன்மை விரிசல் விடவைக்கும். அதற்கென்று விரிசல் எதிர்ப்பு அதிகமுள்ள கிரேடு இருக்கிறது. அபாயகரமான ரசாயனம் என்றால் இந்த லைனர் முறையே கூடாது, ஐ.நா. குறியீடு பெற்ற கொள்கலன் வேண்டும், அதில் வால்வும் சேர்ந்தே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் தொகுதி மோல்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கேவிட்டிக்கும் (மோல்டில் ஒரு பாகம் உருவாகும் குழி) எண் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உடலில் ஒன்று, இரண்டு. தட்டில் ஒன்று முதல் நான்கு. கசிவுப் புகார் வரும்போது எந்த உடலோடு எந்தத் தட்டு சேர்ந்தது என்று அந்த எண்தான் சொல்லும். எட்டு ஜோடியில் ஏதோ ஒரு ஜோடிதான் அடிக்கடி மாட்டும். மோல்டில் அந்த ஒரு கேவிட்டியின் கோரை மட்டும் எடுத்துச் சில மைக்ரான் சரிசெய்தால் போதும், மொத்த மோல்டையும் கழற்ற வேண்டியதில்லை.